மலருக்குப் பொருள் கண்ட ஓவியர்



நான் வாழும் நெல்லிக்குப்பம் கரும்புக்கும் சர்க்கரை ஆலைக்கும் பேர்பெற்ற ஊர். ஆயினும் ஆலை வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே எங்கள் வட்டாரத்துக்குப் பெயர் தந்தவை மரமும் மலருமே. எங்களுக்குக் கிழக்கே, கடலூரை அடுத்துள்ள திருப்பாதிரிப்புலியூர், பாதிரி மரத்தால் பெயர் பெற்றது. தெற்கேயுள்ள சிதம்பரம், தில்லை மரத்தால் தில்லை எனவும், பெரும்பற்றப்புலியூர் எனவும் வழங்கப் பெற்றது. இரண்டு பெயர்களிலும் 'புலியூர்' என்ற சொல் பொதுவாக அமைந்திருப்பதைக் காண்கிறோம். அதற்கு ஒரு புராண வரலாறு உண்டு. இறைவனுக்கு வண்டு தீண்டாத மலரால் வழிபாடு செய்ய விரும்பிய முனிவர் ஒருவர், பொழுது புலருமுன் இருளில் மரமேறி மலர் கொய்ய வேண்டிப் புலியின் காலையும், இருளிலும் காணவல்ல கண்ணையும் வரமாகப் பெற்றாராம். வியாக்கிரபாதர் என்றும் புலிக்கால் முனிவர் என்றும் அவரை அழைக்கிறோம்.

இக்கதையைப் பல ஆண்டுகள் மாணவர்க்குச் சொல்லி வந்தேன். ஓய்வு பெற்ற பின்னரே ஒரு வினா என் உள்ளத்தில் எழுந்தது. அம்முனிவர் தேடியது பூவையா? பூவைக் காட்டிலும் அது குறிக்கும் தூய்மையைத் தேடினார் என்றால், அந்தத் தூய்மை மலரில் இருந்ததா, அவர் கண்ணில் இருந்ததா? இதனைப் புராண வினா என்று ஒதுக்கிவிட இயலாது. ஏறத்தாழ 140 ஆண்டுகளுக்கு முன் பிரான்சு நாட்டு ஓவியர்களையும் கவிஞர்களையும் ஆட்கொண்ட வினாவும் இதுவே. அங்கே பிறந்த அந்த வினா, ஓர் ஓவியப் பெண்மணியின் வாயிலாக எங்கள் ஊருக்கு அண்மையிலுள்ள புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தது. அந்த வரலாற்றையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாரிஸ் நகரத்து ஓவியர் இரு சாராராகப் பிரிந்து நின்றனர். கண்ணில் படும் ஒளியையும் நிறத்தையும் அந்தக் கணத்தில் பட்டவாறே தீட்டுவது ஓவியம் என்றனர் மோனே முதலியோர். கண்ணால் காண்பது ஒரு வாயில் மட்டுமே. அதன் வழியே உள்ளே புகுந்து காணாததை உணர்த்துவதே கலை என்றனர் மற்றொரு சாரார். 1886-ஆம் ஆண்டு செப்டம்பர் 18-ஆம் நாள், ழான் மொரேயாஸ் என்ற கவிஞர் 'லெ ஃபிகாரோ' நாளிதழில் இக்கொள்கையை விளக்கி ஓர் அறிக்கை வெளியிட்டார். அதன்பின் அந்த இயக்கத்துக்குச் சிம்பலிசம் என்ற பெயர் நிலைத்தது. தமிழில் அதனைக் குறியீட்டியல் எனலாம்.

அவ்வியக்கத்தின் தலையாய ஓவியருள் ஒருவர் ஓதிலோன் ரெதோன். 1840-இல் போர்தோ நகரில் பிறந்த அவர், மெலிந்த உடலினராய்த் தனிமையில் வளர்ந்த பிள்ளை. பாரிஸில் புகழ்பெற்ற ஆசிரியர் ஒருவரிடம் பயிலச் சென்று, அப்பயிற்சி ஒவ்வாமல் திரும்பினார். அவருக்கு உண்மையான ஆசானாக வாய்த்தவர் ஆர்மான் கிளாவோ என்ற தாவரவியல் அறிஞர் என்பதை ஆசிரியனாகிய நான் மகிழ்ச்சியோடு குறிப்பிட வேண்டும். உருப்பெருக்கியில் தெரியும் நுண்ணுயிர்களையும், செடிக்கும் விலங்குக்கும் இடைப்பட்ட உயிர்நிலையையும், இந்திய நாட்டுக் காவியங்களையும் அவரே இளம் ரெதோனுக்கு அறிமுகம் செய்தார்.

ஐம்பது வயதை எட்டும் வரையில் ரெதோனின் கலை பெரும்பாலும் கறுப்பு ஒன்றையே நம்பியிருந்தது. கரிக்கோலாலும் கல்லச்சாலும் அவர் படைத்தவை கனவுருவங்கள். 1883-இல் வெளியிட்ட 'தோற்றங்கள்' என்னும் கல்லச்சுத் தொகுப்பில் ஒரு படம் உண்டு. சதுப்பு நிலத்துச் செடி ஒன்று நிற்கிறது; அதன் உச்சியில் பூ இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கண் மலர்ந்திருக்கிறது. உலகில் பார்வை என்பது முதன்முதலில் மலரில்தான் முயன்று பார்க்கப்பட்டதோ என்ற கருத்தை அதன் தலைப்பு எழுப்புகிறது. கண்ணே பூவான அச்செடியைக் காணும்போது எனக்குப் புலிக்கால் முனிவர் நினைவே வருகிறது.

இந்தக் கறுப்பிலிருந்து அவர் நிறத்துக்கு வந்தது மெல்ல நிகழ்ந்த மாற்றம். 1880-இல் அவர் மணந்த காமிய் ஃபால்த் அம்மையார் ரியூனியன் தீவைச் சேர்ந்தவர். புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து கப்பலேறிய தமிழர் பலர் குடியேறிய தீவு அது. 1886-இல் பிறந்த முதல் குழந்தை ஆறு மாதத்தில் இறந்தது. 1889-இல் இரண்டாம் மகன் பிறந்தான். இளமையைக் கழித்த குடும்பப் பண்ணையும் 1897-இல் விலை போயிற்று. இந்தத் துயரமும் மகிழ்ச்சியும் கலந்த ஆண்டுகளில்தான் 'பாஸ்டல்' என்னும் வண்ணக்கோல்களும் எண்ணெய் வண்ணமும் அவர் கையில் ஒளிபெறத் தொடங்கின. வாழ்வின் இறுதி இருபது ஆண்டுகளில் அவர் மீண்டும் மீண்டும் தீட்டியது ஜாடியில் வைத்த மலர்க்கொத்து. அந்த ஓவியங்களை உற்று நோக்கினால் ஒரு புதுமை புலப்படும். ஜாடி இருக்கிறது, அது நிற்கும் மேசை தெளிவாக இல்லை. மலர் இருக்கிறது, அதற்குப் பின்னே சுவரும் இல்லை, சன்னலும் இல்லை, நிறமாகிய ஒரு வெளி மட்டுமே உண்டு. பூக்களோ தோட்டத்தில் மலர்ந்த மெய்யான பூக்கள். கனவுருவங்களைத் தீட்டிய கை, தோட்டத்துப் பூவுக்கு வந்த பின்னும் தன் கனவைக் கைவிடவில்லை. பூவை உள்ளவாறு பார்த்தபடியே அதனைக் கனவு வெளியில் நிறுத்தியது. 1916-இல் ரெதோன் மறைந்தார்.

இனி, புதுச்சேரிக்கு வந்த பெண்மணியின் வரலாற்றைக் காண்போம். மிர்ரா அல்ஃபாஸா என்பது அவர் இயற்பெயர். துருக்கியிலிருந்து வந்த தந்தைக்கும் எகிப்திலிருந்து வந்த தாய்க்கும் 1878-ஆம் ஆண்டு பிப்ரவரி 21-இல் பாரிஸில் பிறந்தவர். பிற்காலத்தில் அரவிந்த ஆசிரமத்தின் அன்னை என உலகம் அறிந்த அவர், தம் இளமையில் முறையாகப் பயின்ற ஓவியர் என்பதைப் பலர் அறியார். பெண்களையும் சேர்த்துக்கொண்ட 'அகாதெமி ழூலியான்' என்னும் ஓவியக்கூடத்தில் அவர் பயின்றார். 1897-இல் ஆன்றி மொரிசே என்ற ஓவியரை மணந்தார். அந்த மொரிசே, குறியீட்டியல் ஓவியருள் மூத்தவராகிய குஸ்தாவ் மொரோவின் மாணாக்கர். மத்தீஸ், ரூவோ முதலியோர் பயின்றதும் மொரோவிடமே. ஆகவே மிர்ராவின் இளமைக் காலம் ஓவியர் பலர் கூடிய சூழலிலேயே கழிந்தது. தேசிய நுண்கலைச் சங்கம் ஆண்டுதோறும் நடத்திய கண்காட்சியில் 1903, 1904, 1905 ஆகிய மூன்றாண்டுகளிலும் அவர் ஓவியங்கள் இடம்பெற்றன.

அவரைக் குறியீட்டியல் ஓவியர் என்று பட்டியலில் எழுதிவிடுவதற்கில்லை. அக்காலத்தில் அவர் தீட்டியவை பெரும்பாலும் வீட்டின் உள்ளறைகள், படிக்கட்டுகள், அமைதியாக இருக்கும் பொருள்கள். கனவுருவங்களோ புராணக் காட்சிகளோ அவற்றில் மிகுதியில்லை. அசையாமல் இருக்கும் பழம், பாத்திரம், மலர் ஆகியவற்றைத் தீட்டும் ஓவிய வகைக்குப் பிரெஞ்சு மொழியில் 'நாத்யூர் மோர்த்' என்று பெயர். உயிரற்ற இயற்கை என்பது அதன் சொற்பொருள். கொய்த பூ உயிரற்றது என்று ஒரு மொழியே தீர்ப்பளித்துவிட்டது. மிர்ராவின் பிற்கால வாழ்வு அந்தத் தீர்ப்புக்குச் சொன்ன மறுமொழி என்றே நான் கருதுகிறேன்.

1914 மார்ச் 29-ஆம் நாள் அவர் முதன்முறையாகப் புதுச்சேரியில் அரவிந்தரைச் சந்தித்தார். முதல் உலகப் போர் மூண்டமையால் மறு ஆண்டு திரும்பிச் செல்ல நேர்ந்தது. 1916 முதல் 1920 வரை ஜப்பானில் வாழ்ந்தார், அங்கும் வரைந்தார். ஒரு கிளையும் இரண்டு பூவும் கொண்டு ஓர் அறையையே நிறைத்துக் காட்டும் நாடு அது. 1920 ஏப்ரல் 24-இல் மீண்டும் புதுச்சேரிக்கு வந்தவர், 1973 நவம்பர் 17-இல் மறையும் வரை அவ்வூரை விட்டு அகலவில்லை.

புதுச்சேரிக்கு வந்த பின் அவர் தூரிகை எடுப்பது குறைந்தது. இதனை ஓவியத்தின் இழப்பு என்று சிலர் கருதலாம். ஆனால் 1929-இல் அன்பர்களோடு அவர் நிகழ்த்திய உரையாடல்களில் கலையையும் யோகத்தையும் ஒப்பிட்டுப் பேசினார். கலைப் பயிற்சியும் யோகப் பயிற்சியும் ஒரே அடிப்படை உடையவை; இரண்டும் மேலும் விழிப்போடு காணக் கற்பிப்பவை என்பது அவர் கருத்து. அப்படியானால் தூரிகையை வைத்துவிட்ட பிறகும் பார்க்கும் பயிற்சி நின்றுவிடாது அல்லவா? அவரிடத்தில் அது நிற்கவில்லை. மலரை நோக்கித் திரும்பியது.

ஆசிரமத்தில் அன்பர்கள் அவருக்கு மலர் கொண்டு வருவதும், அவர் ஒவ்வொருவருக்கும் மலர் கொடுப்பதும் நாள்தோறும் நிகழ்ந்தன. அவர் ஒவ்வொரு மலருக்கும் ஒரு பொருள் கண்டு பெயரிட்டார். 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பல மலர்களை வரிசையாக வைத்து ஒரு வாக்கியம் அமைப்பதும், அதன் பொருளை அன்பர்கள் கண்டு சொல்வதும் ஒரு விளையாட்டாகவே நடந்தன. பல்லாண்டுகளில் அவ்வாறு பொருள் பெற்ற மலர்கள் ஏறத்தாழ 900. அவற்றைத் தொகுத்து 1973-இல் ஆசிரமம் ஒரு நூலே வெளியிட்டது. துளசிக்குப் பக்தி, மல்லிகைக்குத் தூய்மை, வேப்பம்பூவுக்கு ஆன்மிகச் சூழல், நாகலிங்கத்துக்கு வளம், வாடாமல்லிக்கு அழியாமை, மரமல்லிக்கு உருமாற்றம் என்றெல்லாம் பெயர்கள் அமைந்தன. ஈழத்தலரிக்கு உளநிறைவு என்று பெயரிட்டபோது அதன் ஐந்து இதழ்களுக்கும் ஐந்து பண்புகளைச் சொன்னார். ஜாடியில் வைத்துத் தீட்டிய பூ, கையிலிருந்து கைக்குச் செல்லும் பூவாயிற்று.

இதைக் கேட்டவுடன் அறிவியல் கற்ற உள்ளம் சற்றுத் தயங்கும். எனக்கும் அந்தத் தயக்கம் இருந்தது. பூவுக்கு ஒருவர் ஒரு பெயரும் மற்றொருவர் வேறொரு பெயரும் இடலாமே. இதில் உண்மை எங்கே என்று நினைத்தேன். பின்னர் ஒவ்வொரு பூவாக எடுத்து எண்ணிப் பார்த்தேன். வாடாமல்லி உலர்ந்த பின்னும் நிறம் மங்குவதில்லை. வேம்பு நம் வீட்டு வாயிலில் நின்று சூழலைக் காக்கிறது என்பது நம் பாட்டிமார் கண்ட உண்மை. துளசி பக்தியைக் குறிக்கும் என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. சில மலர்களுக்கு அவர் இட்ட பெயரின் காரணம் எனக்கு இன்றும் விளங்கவில்லை. அவற்றை விளங்கியதாகச் சொல்ல மாட்டேன். ஆனால் விளங்கியவற்றிலெல்லாம் நான் கண்டது ஒன்று. மலரின் வடிவத்தையும் வளரும் இடத்தையும் இயல்பையும் நெடுநேரம் பார்த்த பிறகே பெயர் பிறந்திருக்கிறது.

தமிழர்க்கு இம்முறை புதியதும் அன்று. மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி என்றோம்; காடு முல்லை, வயல் மருதம், கடற்கரை நெய்தல். நிலத்துக்குப் பூவின் பெயர். அந்நிலத்தில் நிகழும் காதல் ஒழுக்கத்துக்கும் அதே பெயர். போருக்குக்கூடப் பூவின் பெயரையே இட்டோம். ஆநிரை கவர்தல் வெட்சி, மீட்டல் கரந்தை, மதில் காத்தல் நொச்சி, களத்தில் எதிர்நின்று பொருதல் தும்பை, வெற்றி வாகை. வயல் வரப்பில் காலில் மிதிபடும் சிறு வெண்பூவாகிய தும்பையை வீரத்தின் உச்சத்துக்கு அடையாளமாக்கியவர்கள் நம் முன்னோர். குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களைப் பெயர் சொல்லி அடுக்கிய கபிலர், அவற்றையெல்லாம் கண்டறிந்த கண்ணுடையவர். உள்ளுறை உவமம் என்று தொல்காப்பியர் இலக்கணம் வகுத்ததும் இந்தக் கண்ணுக்கே. பாரிஸ் நகரத்து இளைஞர்கள் 1886-இல் அறிக்கை வெளியிட்டுக் கேட்டதைத் திணை வகுத்த நாள் முதல் நாம் செய்து வந்திருக்கிறோம். இதை வீண் பெருமைக்காகச் சொல்லவில்லை. செய்து வந்ததை நாம் மறந்தோம் என்பதற்காகச் சொல்கிறேன். மறந்தவருள் நானும் ஒருவன்.

நான் உதவி ஆசிரியனாக இருந்த காலத்தில் நிகழ்ந்ததை இங்கே சொல்ல வேண்டும். ஆசிரியப் பயிற்சியில் பொருளைக் காட்டிப் பாடம் நடத்தும் முறையை எங்களுக்குக் கற்பித்திருந்தார்கள். நானும் செம்பருத்தியைக் கொணர்ந்து புல்லி வட்டம், அல்லி வட்டம், மகரந்தம், சூலகம் என்று பிரித்துக் காட்டுவேன். ஒரு முறை பள்ளிக் கண்காட்சிக்காக ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை ஒரு மலர்ச்சாடி வைத்துப் பார்த்து வரையச் சொன்னேன். பலர் ரோசாவும் சாமந்தியும் கொண்டுவந்தனர். ஒரு சிறுவன் மட்டும் பழைய மருந்துப் புட்டியில் எருக்கம்பூக்கொத்தை வைத்து வரைந்திருந்தான். ஊதா நிறம் விளிம்பில் அடர்ந்து நடுவில் வெளுத்திருந்ததையும், பூவின் நடுவே முடிபோல் நிற்கும் பகுதியையும் அவன் பிழையின்றித் தீட்டியிருந்தான். "இது நல்ல பூ இல்லையே, வேறு பூ கிடைக்கவில்லையா?" என்றேன். "எங்கள் வீட்டுப் பக்கம் இதுதான் சார் பூக்கும்" என்றான். கண்காட்சியில் அந்தப் படத்தை நான் வைக்கவில்லை.

எருக்குக்கு அன்னை இட்ட பெயர் துணிவு என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே படித்தறிந்தேன். நீரில்லாத தரிசிலும், சுடுமணலிலும், ஆடு மாடும் வாய் வைக்காத செடியாக நின்று, கோடையில் ஏனைய செடிகள் கருகும்போது பூப்பது அது. அப்பெயர் எத்துணைப் பொருத்தம்! அயல்நாட்டிலிருந்து வந்த ஒருவர் அதைக் கண்டார். நானோ எருக்கு மண்டிய நிலத்திலேயே பிறந்தவன். விநாயக சதுர்த்தியில் எருக்கமாலை தொடுத்தவன். எருக்காயினும் கடவுள் வேண்டாம் என்னார் என்று கபிலர் பாரியைப் பாடுமிடத்தில் சொல்லிய கருத்தை வகுப்பில் விளக்கியவன். அத்தனையும் தெரிந்திருந்தும் அச்சிறுவன் பார்த்ததை நான் பார்க்கவில்லை. பூவின் உறுப்புகளை எனக்குத் தெரிந்த அளவு, பூவைத் தெரியவில்லை. நான் ஏற்க மறுத்தது ஓவியத்தை மட்டுமா, அவன் வீட்டுப் பக்கத்தையுமா என்று எண்ணும்போது இன்றும் உள்ளம் குறுகுகிறது.

மிர்ரா அம்மையாரின் ஓவிய வரலாற்றில் இறுதியாக ஓர் அத்தியாயம் உண்டு. 1961-இல், 83 வயதில், அவர் மீண்டும் பென்சிலைக் கையிலெடுத்தார். ஏறத்தாழ 24,000 அடிகள் கொண்ட அரவிந்தரின் 'சாவித்திரி' காவியத்துக்கு ஹுதா என்னும் மாணவியாரைக் கொண்டு ஓவியம் தீட்டுவித்தபோது, காட்சிகளின் அமைப்பைத் தாமே கோட்டோவியமாக வரைந்து கொடுத்தார். அவ்வாறு உருவான ஓவியங்கள் 472. கண்காட்சிக்காகத் தீட்டிய இளமையும், தூரிகையைக் குறைத்து மலரோடு பழகிய நடுக்காலமும், இன்னொருவர் கைவழியே தீட்டிய முதுமையும் ஒரே வளர்ச்சியின் மூன்று படிகள்.

கலைஞனின் வளர்ச்சி என்றால் பழையதை விட்டுப் புதியதைப் பற்றுவது என்று நாம் எண்ணுகிறோம். ரெதோனும் மிர்ராவும் நமக்குச் சொல்வது வேறு. ஒருவர் கறுப்பிலிருந்து நிறத்துக்கு வந்தார். மற்றவர் திரைச்சீலையிலிருந்து உயிருள்ள மலருக்கு வந்தார். இருவரிடத்திலும் வளர்ந்தது பார்வை. பொருள் என்பது பூவின்மேல் நாம் ஒட்டும் சீட்டு ஆகாது. பொறுமையாகப் பார்ப்பவருக்குப் பூ தருகின்ற விடை அது. பார்க்காமல் சொன்ன பொருள் வெறும் சொல்லாகவே நின்றுவிடும். பொருள் தேடாமல் பார்ப்பதோ, நான் நடத்திய பாடம்போல், உறுப்புகளின் பட்டியலாக முடியும்.

இந்த உரையைக் கேட்கும் ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஓவிய வகுப்பில் பிள்ளைகள் தங்கள் வீட்டுப் பக்கம் பூக்கும் பூவையே கொண்டுவரட்டும். அது நெருஞ்சியானாலும் ஆவிரையானாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். வரைந்து முடித்த பின் அதற்கு ஒரு பெயர் வைக்கச் சொல்லுங்கள். ஏன் அந்தப் பெயர் என்றும் கேளுங்கள். எங்கள் தெருக்கோடியில் ஓர் எருக்கஞ்செடி நிற்கிறது. நாள்தோறும் காலை நடையில் அதன் முன் சற்று நிற்பதை நான் வழக்கமாக்கிக்கொண்டிருக்கிறேன். அன்று பார்க்கத் தவறியதை இப்போதேனும் பார்த்து வருகிறேன்.